அடிக்கு ஒரு சட்டம்

பலகை அமுங்குகிறது. மெஹராஜுக்கு அது தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னால் யார் கேட்பார்கள்? சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவள் வாயிலிருந்து எது வந்தாலும் அது பயம்தான் என்று அந்த வீட்டில் எப்போதோ முடிவு கட்டியாகிவிட்டது.

போன ஐப்பசியில் குமுளி மலைப்பாதையில் ஜீப் உருண்டதில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அதுவரை உத்தமபாளையத்தில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொடுத்தவள் அவள். தெருவுக்கும் கொல்லைக்கும் இறங்க ஐந்தைந்து படி. அந்த ஐந்து படிதான் எட்டு மாதமாக அவளை வீட்டுக்குள் வைத்திருந்தது. தூக்கிக்கொண்டு போகிறேன் என்பார் கணவர் முஜிபுர் ரஹ்மான். மூட்டை மாதிரிப் போக அவளுக்கு இஷ்டமில்லை.

கடைசியில் அவர் கொல்லைப் படிகளுக்கு மேலாக, வீட்டுத் தரை மட்டத்திலேயே, தென்னை மரம் வரை ஒரு பலகைத் தளம் போட ஏற்பாடு செய்தார். பலகை கொச்சியிலிருந்து வந்தது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்தது. கரையான் தொடாது, மழைக்கு மக்காது. வேலைக்கு வந்தவர் கூடலூர் கருத்தக்கண்ணன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் ஆஞ்சிலி மரப் பலகையில் மச்சுப் போட்டே தலை நரைத்த மனுஷர். இரண்டடிக்கு ஒரு இரும்புச் சட்டம், மேலே பலகை, முடுக்கு திருகாணியை. கண்ணை மூடிக்கொண்டு செய்வார். பலகையோடு வந்த தாளை அவர் படிக்கவில்லை. அதில்தான் அவருடைய வடை இருந்தது.

மூன்றாம் நாள் காலை முஜிபுர் அவளைத் தளத்தின் மேல் தள்ளிக்கொண்டு போனார். சத்தம் ஒன்றுமில்லை. சக்கரம் லேசாக இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. ஜீப் சரிந்தபோதும் மெஹராஜுக்கு முதலில் இப்படித்தான் இருந்தது.

"பலகை அமுங்குதுங்க."

"புதுசுல்ல, அப்பிடித்தான் தோணும். பயப்படாத."

கருத்தக்கண்ணன் தளத்தின் நடுவில் போய் நின்று இரண்டு குதி குதித்தார். "எழுவது கிலோ, தங்கச்சி! அசையுதா பாரு."

அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. நல்லவேளை, கோபம் முந்திக்கொண்டது.

"அண்ணே, நீங்க திருகாணி வரிசை மேலயே நிக்கிறீக. அதுக்கு அடியில சட்டம் இருக்கு. ரவிக்கைக்குக் கொக்கிய தூரம் தூரமா வெச்சா நிக்கையில நல்லாத்தான் இருக்கும், உக்காந்தா வாயப் பொளக்கும். இங்கன வந்து இதுல உக்காருங்க."

"எதுல?"

"என் வண்டியில."

முஜிபுர் அவளைத் தூக்கிக் கொல்லை வாசலோரத்து நாற்காலியில் உட்காரவைத்தார். தூக்குவதை அன்றைக்கு மட்டும் அவள் பொறுத்துக்கொண்டாள். கருத்தக்கண்ணன் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார். முஜிபுர் தள்ளி நாலடி போவதற்குள் சிரிப்பு நின்றது. கை தானாகச் சக்கரத்தைப் பிடித்தது.

"பாய், நிறுத்துங்க."

இறங்கிக் குத்தவைத்து, ஒரு கண்ணை மூடிப் பலகையின் நீளத்தைப் பார்த்தார். "தங்கச்சி சொல்றது நெசம். ஆஞ்சிலி தாங்கும், இது தாங்காது. வெயில் ஏற ஏற இன்னும் தொய்யும்."

முஜிபுர் எண்ணெய்த் தாளைத் துடைத்துப் படித்தார். அடிக்கு ஒரு சட்டம். வெயிலில் பலகை நீளும், நுனியோடு நுனி முட்டக் கூடாது, இடம் விட வேண்டும்.

"கம்பெனிக்காரக சரியாத்தான் எழுதியிருக்காக. நாந்தான் வடைய வெச்சுட்டேன்" என்றார் கருத்தக்கண்ணன்.

அத்தனை திருகாணியும் கழன்றது. இரண்டு சட்டத்துக்கு நடுவே இன்னொன்று என்று வைத்துக்கொண்டே போனார். மெஹராஜின் தையல் டேப்பில் ஒரு நுனி வாசலில் இருந்த அவள் கையில், மறுநுனி அவர் கையில். டேப் ஐந்து சட்டம் வரைதான் எட்டியது. அதற்கப்புறமும் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து பார்த்து, "பன்னெண்டு இஞ்சு, சரியா தங்கச்சி?" என்று கேட்டுத்தான் முடுக்கினார். எட்டு மாதமாக 'சாப்பிட்டியா, தூங்குனியா' தவிர யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. அந்த இரண்டு நாளும் அவள் மருந்து நேரத்தையே மறந்துபோனாள்.

வேலை முடிந்ததும், உச்சி வெயில் ஏறும்வரை வேண்டுமென்றே காத்திருந்தாள். பிறகு கொல்லை வாசலுக்கு வந்தாள். முஜிபுரின் கை வழக்கம்போல வண்டியின் பிடிக்குப் போனது.

"கைய எடுங்க."

எடுத்தார்.

அவளே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனாள். ஓரிடத்திலும் பலகை இறங்கவில்லை. தென்னை மரத்தடியில் வண்டியை நிறுத்தித் திரும்பினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன நாட்களை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. எட்டு மாதத்தில் இன்றைக்குத்தான் தன் வீட்டை வெளியே இருந்து பார்க்கிறாள். அப்போதுதான் அழுதாள்.