சோடா உப்பில் கழுவிய மணிமாலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மணிமாலையைச் சோடா உப்பில் கழுவியதால், எழுபத்தைந்து வயதுப் பெண் ஒருத்திக்கு இருபத்திரண்டு வயதானது.

கழுவியது அவள் மகள். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. சோதனைக் குழாய்களைக் கழுவிக் கழுவி, கறுத்திருக்கும் எதையும் சும்மா விடாத கை அது. கறுத்த பதக்கமும் குண்டுகளும் தொங்க, கல்யாணத்துக்கு முன்பிருந்தே தாய் கழற்றாமல் போட்டிருந்த மாலையைக் கழுத்தில் அரிப்பு என்று அன்றுதான் கழற்றிக் கொடுத்திருந்தாள். மகள் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சோடா உப்பைக் கொட்டி, வெந்நீர் ஊற்றி மாலையை இறக்கினாள். அழுகிய முட்டை வாடை எழுந்தது. வேதியியல்படி அது சரியான வாடை என்பதால் அவள் கவலைப்படவில்லை. நீர் ஆறுவதற்குள், நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த தாயின் முடி கறுத்தது; புதிதாக முளைத்த பற்கள் தள்ளியதில் பல்செட் மடியில் விழுந்தது. கண் விழித்தவள், "அக்கா, இது யார் வீடு? எனக்கு எக்ஸ்சேஞ்சுக்கு நேரமாச்சு" என்றாள். அந்த வயதில் அவள் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நான்தாம்மா" என்றாள் மகள். அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது, முட்டிவலி வேறு. "காலங்காத்தால விளையாடாதீங்கக்கா" என்று தாய் சிரித்தாள். பிறகு சுவரில் இருந்த அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று, "யாரு இவரு? மூக்கு நல்லா இருக்கே" என்றாள்.

வீட்டுச் சொந்தக்காரர் வந்து, வீட்டில் ஆள் கூடியிருக்கிறதா என்று விசாரித்தார். அதே ஆள்தான் என்று தெரிந்ததும் போய்விட்டார். மற்றவர்களும் அவ்வளவுதான். மகளுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பன்னிரண்டு வருடமாக அம்மாவைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, நகம் வெட்டிவிட்டவள் அவள். குணமாகிவிட்ட அம்மா தன்னை மகளென்று தெரிந்துகொண்டால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம். அதனால் மாலையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, தையல்கடை மாடியில் பழைய நகை மதிப்பிடும் பெண்ணிடம் போனாள். தெருவில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

பூதக்கண்ணாடி மாலையைக் கையில் எடை பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடேற்றிய ஊசி முனையால் ஒரு மஞ்சள் மணியைத் தொட்டு முகர்ந்தாள். பதக்கத்தைத் திருப்பி விளிம்பில் நகத்தை ஓட்டினாள். "பழங்குடிக்காரங்க செஞ்சது இல்ல. அவங்க மாதிரி வேணும்னு பட்டறையில அச்சுல ஊத்தினது. பித்தளை, மேல வெள்ளி முலாம். மஞ்சள் மணிய மரப்பிசின் அம்பர்னு சொல்லியிருப்பாங்க, பிளாஸ்டிக்குதான். ஆனா போலின்னு சொல்லாதீங்க. இந்தத் திருகாணிக் கொக்கிய நாலஞ்சு வருஷந்தான் போட்டாங்க, அப்புறம் விட்டுட்டாங்க. இத இதுக்காகவே தேடுறவங்க இருக்காங்க." பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "பள்ளத்துல இருந்த கறுப்பு எங்க?"

"கழுவிட்டேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். வருகிறவர்கள் எல்லாரும் கழுவிவிட்டுத்தான் வருகிறார்கள். "கறுப்போட இருந்தா அலமாரியில நடுவுல வைப்பேன். இப்ப ஓரத்துலதான்."

விற்க வரவில்லை என்று சொல்லி, மகள் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். பூதக்கண்ணாடி ஆச்சரியப்படவில்லை. போன வருடம் மனைவியின் கொலுசைத் தேய்த்த ஒருவர், அவளை இன்னும் தேடிக்கொண்டிருந்தார். கந்தகக் கரைசல் தடவினால் பத்து நிமிடத்தில் கறுத்துவிடும், ஆனால் விவரம் தெரிந்த கண்ணை ஏமாற்ற முடியாது என்றாள். மகள் கெஞ்சவே, தொங்கும் குண்டுகளில் ஒன்றில் மட்டும் தூரிகையால் தடவிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து தாயின் கழுத்தில் மாட்டியதும் அவளுக்கு ஒரு கற்றை முடி நரைத்தது, இடது முட்டி வலித்தது. மகளை மட்டும் அடையாளம் தெரியவில்லை. "அக்கா, எனக்கு என்ன பண்ணீங்க?" என்று அழுதாள். மகள் அந்த ஒரு குண்டை மறுபடி கழுவினாள்.

"போட்டுக்கிட்டே இருக்கட்டும்" என்றாள் பூதக்கண்ணாடி, மறுமுறை போனபோது. "வேர்வையும் காத்தும் பட்டு கறுப்பு அதுவா வரணும். போன தடவ எவ்வளவு காலம் ஆச்சோ அவ்வளவு ஆகும்."

தாய்க்கு ஒரு கால் சென்டரில் வேலை கிடைத்தது. குரலைக் கேட்டவுடன் எடுத்துக்கொண்டார்கள். சம்பளத்தில் அக்காவுக்கு முட்டித் தைலம் வாங்கி வந்தாள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினாள், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாள், மகள் திட்டினால் கதவைச் சாத்திக்கொண்டாள். பதக்கத்தின் பள்ளங்களில் மெல்லிய பழுப்பு ஏறியது. மகள் பிறந்தபோது தாய்க்கு இருந்த வயது, ஐந்து வருடம் கழித்துத் திரும்ப வந்தது. அந்தப் பிறந்தநாளன்று மகள் விடுப்பு எடுத்து, தலைக்குக் குளித்து, கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தாய் வெளியே வந்து அவளை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். "அக்கா, ரவிக்கைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள். மகள் ரவிக்கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பாதி நாள் விடுப்பை ரத்து செய்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். குழாய்கள் நிறையச் சேர்ந்திருந்தன.

அதற்குப் பிறகு அவள் காத்திருக்கவில்லை. ஓய்வு பெற்றாள். முட்டி மடங்க மறுத்தது. தாய்க்கு நாற்பது ஆகும்போது, கைத்தாங்கலாக அவள்தான் மகளை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனாள். செருப்பைக் கழற்றி, நீண்ட வரிசையில் நின்று, படம் எடுத்து வெளியே வந்தார்கள். வாசலில் இருந்த நர்ஸ், "கூட வந்திருக்கறது உங்க பொண்ணா?" என்று கேட்டாள். விளக்கிச் சொல்ல மகளுக்குத் தெம்பில்லை.

"ஆமா."

தாய் மறுக்கவில்லை. மகளை பெஞ்சில் உட்கார வைத்து, செருப்பைத் தேடி எடுத்து வந்து, கீழே குனிந்தாள். "காலக் காட்டுங்கம்மா" என்றாள்.

மகள் காலைத் தூக்கிக் கொடுத்தாள்.