ஒற்றை விரல் பேச்சு

பக்கவாதம் வந்து விழுந்த அச்சகக்காரருக்கு மிஞ்சியவை கண்ணிமையும் வலதுகை ஆள்காட்டி விரலும்தான். காது கேட்டது, புத்தி தெளிவாக இருந்தது. வாய் மட்டும் பூட்டிக்கொண்டது. ஒரு சிமிட்டல் என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

"பசிக்குதா? தண்ணி வேணுமா? ஃபேனைக் கூட்டவா?" என்று மனைவி அடுக்கிக்கொண்டே போவாள். இரண்டொரு நாளாக எதைக் கேட்டாலும் இரண்டே சிமிட்டல். ஆனால் அந்தக் கண்கள் அறையில் அவள் போகும் இடமெல்லாம் அவளைத் துரத்தின.

அவளுக்குள் ஒரு முள் கிடந்தது. அவர் விழுந்த அன்று காலை குழாயைத் திறந்துபோட்டதற்காகச் சண்டை. "உங்ககிட்ட பேசுறதுக்கு இந்தச் சுவத்துகிட்ட பேசலாம்" என்று சொல்லிவிட்டு ஸ்கூல் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், திரும்பி வந்தபோது அவருக்குப் பேச்சே போயிருந்தது.

மொபைல் பழுதுபார்க்கும் அவள் தம்பி, கையில் ஒரு பழைய டேப்லெட்டோடு வந்தான். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பதால் வீட்டில் அவனுக்கு ஸ்குரூ என்றே பெயர்.

"இதுல இருக்கிறது ஒரே ஒரு யூஎஸ்பி போர்ட்டுதான், அக்கா. ஊரே அதை சார்ஜ் போட மட்டும்தான் வச்சிருக்கு. இதுல கீபோர்டையே செருகலாம்."

ஒரு ஓட்டைக் கீபோர்டைப் பிரித்து, ஒரே ஒரு எழுத்துக்கான இடத்திலிருந்து இரண்டு கம்பிகளை வெளியே இழுத்து, காலிங்பெல் பொத்தானில் பற்றவைத்தான். திரையில் எழுத்துகள் வரிசையாக நின்றன. ஒரு மஞ்சள் கட்டம் அவற்றின் மேல் மெல்ல ஊர்ந்தது. வேண்டிய எழுத்தில் அது வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அச்சகக்காரரின் விரல் நடுங்கியது. நெற்றி வியர்த்தது. பொத்தான் இறங்கவில்லை.

"விடுடா, அவரை ஏண்டா வதைக்கிறே?"

"கொஞ்சம் பொறுக்கா. பொத்தான் முரடு, அத்தான் மேல தப்பில்ல."

பையிலிருந்த மவுஸை உடைத்து அதன் லேசான பொத்தானைப் பிடுங்கி மாற்றினான். விரல் பட்டதும் 'டிக்'.

அவள் கட்டில் ஓரத்தில், தினமும் தேய்த்துவிடுவது போல எண்ணெய்க் கிண்ணத்தோடு, போர்வை மேல் அவர் காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். திரையில் 'தொ' வந்தது. அவள் மனம் அதற்குள் முடித்துப் பார்த்தது. தொல்லையா? தொலைந்து போ என்றா? மஞ்சள் கட்டம் ஆமைபோல் நகர்ந்தது. 'டா'. பிறகு 'தே'.

தொடாதே.

சுட்டது போல் கையை இழுத்துக்கொண்டாள். 'கா' என்று அடுத்த எழுத்து விழுந்தது. உடனே திரை கறுத்துப்போனது.

"சார்ஜ் தீர்ந்துடுச்சு. இருக்கிற ஒரு போர்ட்டையும் கீபோர்டு பிடிச்சுக்கிச்சே!" ஸ்குரூ பையைத் தரையில் கவிழ்த்து எதையோ தேடினான்.

"என் கை பட்டாலே பிடிக்கலடா அவருக்கு." அவள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"முழுசாக் கேக்காம முடிவு கட்டாதே. இந்தா, ஹப். ஒரு போர்ட்டை நாலாப் பிரிக்கும். ஒரு வாய், நாலு பிள்ளை."

ஹப்பை டேப்லெட்டில் செருகி, அதில் ஒரு பக்கம் சார்ஜர், மறுபக்கம் கீபோர்டு. சார்ஜ் ஏறியது, கீபோர்டு செத்துக் கிடந்தது. துளை மாற்றிச் செருகினான். கட்டம் மறுபடி ஊர்ந்தது. அச்சகக்காரரின் மூச்சு இரைத்தது. டிக், டிக்.

கால் வலி.

அவள் போர்வையை விலக்கினாள். இடது கெண்டைக்கால் ஒரே இரவில் வீங்கி, சிவந்து, மற்றக் காலைப் போல் ஒன்றரைப் பங்கு இருந்தது. தொடாமலே அனல் தெரிந்தது.

"பிடிப்பா இருக்கும், நான் நீவி விடட்டுமா அத்தான்?" ஸ்குரூ குனிந்தான்.

இரண்டு சிமிட்டல். மறுபடி இரண்டு. மறுபடி.

"கை வைக்காதேடா!" என்று கத்திவிட்டு அவள் டாக்டருக்குப் போன் போட்டாள். ஆம்புலன்ஸ் அனுப்புவதாகவும், அது வரும்வரை காலை அசைக்கக்கூட வேண்டாம் என்றும் டாக்டர் சொன்னார்.

ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. "இன்னைக்கும் தேய்ச்சிருந்தா அது நகர்ந்து நுரையீரல்ல போய் அடைச்சிருக்கலாம்மா," என்றார் டாக்டர். "இத்தனை நாள் தெரியாமத் தேய்ச்சீங்க. நல்லவேளை, அவரே சொல்லிட்டாரு."

ஊசி மருந்து ஆரம்பித்தார்கள். வீக்கம் வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை டேப்லெட்டும் ஹப்பும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிடந்தன. டாக்டர் ஒவ்வொரு முறை வரும்போதும், கேள்வியைக் கேட்டுவிட்டுக் கைகட்டி நின்று பதிலுக்குக் காத்திருந்தார். கம்பி நழுவாதபடி அவள் ஹப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக உரக்க வாசித்தாள். தப்பாக வாசித்தால் அச்சகக்காரர் முறைத்தார்.