அக்கா வீட்டுக்கு வந்தவர்கள்

அக்கா ரத்தினம்மாள் பங்குனியில் இறந்தபோது அனுசுயா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டாள். காரியத்தன்று வடை சுட்டாள். அழுகை பிறகு வரும் என்று இருந்தாள். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மலையேறி இறங்கிப் போயிற்று. அழுகை வரவில்லை.

திருத்தணியில் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு இருவருக்கும். தாத்தா காலத்தில் நகரிப் பக்கமிருந்து பிழைக்க வந்த தெலுங்குக் குடும்பங்கள் சேர்ந்து உண்டான தெரு அது. நகரியார் தெரு என்பார்கள். கடையில் தமிழ், வீட்டுக்குள் தெலுங்கு என்று வளர்ந்தார்கள். பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். பெற்றவர்கள் பின்னாலேயே போனார்கள், அல்லது செத்துப்போனார்கள். காலியான வீடுகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். பெங்களூர் போய்விட்ட வேடியப்பன் வீட்டில் டைல்ஸ் ஒட்டுகிற பீகார்ப் பையன்கள். அதற்கடுத்த வீட்டில் ஓட்டல் வேலைக்கு வந்த அசாம்காரர்கள். முனைக்கடையில் அவர்களுக்காகக் கடுகெண்ணெய்ப் பாக்கெட் தொங்கியது.

அனுசுயாவின் கணவர் குணசேகரனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அவர் தமிழர். மகள் கவிப்பிரியாவுக்கும் தெலுங்கு ஒட்டவில்லை. அக்கா போனபின் அனுசுயாவோடு தெலுங்கில் பேச அக்கா புருஷன் வீராசாமி ஒருவர்தான் மிச்சம். அவரோ பேசாத மனிதர்.

புரட்டாசியில் அவருடைய மகன் டில்லிபாபு வேன் கொண்டுவந்தான், அப்பாவை அம்பத்தூருக்கு அழைத்துப்போக.

"பின்னி, ஒடிசாக்காரங்க வாடகைக்கு வராங்க. சாவிய நீங்களே குடுத்துடுங்க," என்றான். அம்மாவின் தங்கையை அவர்கள் பின்னி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆங்," என்றாள்.

வீராசாமி வேனில் ஏறி உட்கார்ந்து, "வஸ்தானு" என்றார். வருகிறேன் என்று. வேன் திரும்பியதும் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து உள்ளே போனாள்.

வந்தது ஒரு புருஷன் பெண்சாதி, அவன் தம்பி ஒருவன். ஆண்கள் இருவருக்கும் பைப் கம்பெனியில் வேலை. பெண்ணுக்கு நாகமணி என்று பெயர், முப்பது வயது இருக்காது. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் புருஷனிடம், "இந்த அறையில் நல்ல காற்று வருகிறது. நாம் இங்கே படுத்துக்கொள்ளலாம்," என்றாள். தெலுங்கில் சொன்னாள். ராகம் வேறு மாதிரி இருந்தாலும் தெலுங்குதான். அக்கா கிடந்து உயிர் விட்ட அறை அது.

அனுசுயா தமிழிலும் கைஜாடையிலும் தண்ணீர் வரும் நேரத்தைச் சொன்னாள். நாகமணி அவள் முகத்தையே பார்த்தாள்.

"மீக்கு தெலுகு வச்சா அம்மா?"

"தெலுங்கு தெரியாதும்மா."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று தெருவைக் கடக்கும்போது யோசித்துப் பார்த்தாள்.

சாப்பிடும்போது குணசேகரன் கேட்டார். "எதிர் வூட்டுக்காரங்க பெர்ஹாம்பூராம். அந்தப் பக்கம் வூட்ல தெலுங்கு பேசறவங்க நெறைய உண்டாம். நீ போய் பேசலாம் இல்ல?"

"என்னத்த பேசறது?"

அவர் ரசம் ஊற்றிக்கொண்டார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் அனுசுயா ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தாள். எதிர் வாசற்படியில் நாகமணி போனில் யாரிடமோ, "எப்போது? எப்போது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். ஆண்கள் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். வேடியப்பன் வீட்டுப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய்விட்டான்.

அனுசுயா துணியைக் கொடியில் போட்டுவிட்டுப் போனாள்.

"அம்மாவா?" என்று தெலுங்கில் கேட்டாள்.

"அம்மாதான்," என்றாள் நாகமணி. எந்த மொழியில் கேட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை. அனுசுயாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அனுசுயா அவள் முதுகைத் தடவிக்கொண்டு, இவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

குணசேகரன் வந்ததும் நாகமணியின் புருஷனுக்குப் போன் போட்டு வரவழைத்தார். "சென்ட்ரல்ல ராத்திரி வண்டி இருக்குது. நானே கூட்டினு போயி ஏத்திவுடறேன், வா," என்றார். அனுசுயா புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். ஆட்டோவில் ஏறப்போன நாகமணி நின்றாள்.

"தெலுங்கு தெரியாது என்றீர்களே அம்மா?"

"ரயிலுக்கு நேரமாகிறது. ஏறு," என்றாள் அனுசுயா, தெலுங்கிலேயே.

கார்த்திகை பிறந்தபின் புருஷன் மட்டும் திரும்பி வந்தான். நாகமணியின் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையாம், அவள் இனி அங்கேயே இருப்பாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கொண்டுவந்து அனுசுயாவிடம் நீட்டினான்.

நாகமணி சாப்பாட்டைக் கேட்டாள், மழையைக் கேட்டாள். அனுசுயா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பேச்சு முடியப்போகும்போது, "அது என் அக்கா வீடு. அக்கா செத்துப்போய்விட்டாள்," என்றாள். அதைத் தெலுங்கில் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் இருந்ததில்லை.

"அந்த அறையிலா?"

"ஆங்."

"முதலிலேயே சொல்லியிருந்தால் தினம் ஒரு விளக்காவது ஏற்றியிருப்பேனே அம்மா."

அங்கே நாகமணி அழத் தொடங்கினாள். தன் அம்மாவுக்கா, முகம் பார்க்காத அக்காவுக்கா என்று தெரியவில்லை. அனுசுயா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை நின்றாள். அனுசுயாவின் கண் காய்ந்துதான் இருந்தது. பிறகு போனை முந்தானையில் துடைத்து அவனிடம் கொடுத்தாள்.