வினிகரும் சோடாவும் தூக்கிய வீடு

மெக்கானிக்கின் வீடு தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவன் மனைவி சமையலறை மேடையைத் துடைத்துவிட்டுத் துணியைப் பிழிந்துகொண்டிருந்த நேரத்தில். பெரிய சத்தம் எதுவும் இல்லை. பருமனான ஆள் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்தால் ஒரு முனகல் வருமே, அவ்வளவுதான். துணியை உலர்த்த வெளியே வந்தவள் வாசலில் செருப்பைக் காலால் துழாவினாள், காலுக்குத் தரை எட்டவில்லை. குனிந்து பார்த்தாள். வீட்டுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது, அந்தப் பக்கத்து வேலியும் தெரிந்தது, என்றைக்கோ காணாமல் போன ஒரு பந்தும் இரண்டு கரண்டிகளும் கிடந்தன. கரண்டிகளை எடுத்து உள்ளே கொண்டுபோய்க் கழுவி வைத்தாள். தெருவில் அன்று தண்ணீர் வருகிற நேரத்தைப் பற்றித்தான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டைப் பற்றிப் பேச மதியம் ஆகிவிட்டது.

எல்லாம் அவர்களுடைய ஒரே மகளால் வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கீச்சுக்கீச்சென்று சத்தம் வரும் என்பதால் அவளைக் குருவி என்று கூப்பிட்டார்கள். வேறொரு பெயரும் இருந்தது, அது பள்ளிக்கூடத்தோடு சரி. படுத்தால் மூச்சு முட்டும். இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். டாக்டர் அவள் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டில் என்னென்ன போட்டுக் கழுவுகிறீர்கள் என்று விசாரித்தார். தாய் சொல்லிக்கொண்டே போகப் போக அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அன்று மாலையே பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எல்லாம் வீட்டைவிட்டு வெளியேறின. மறுநாள் அவள் அலமாரியைத் திறந்து, வாயில் போட்டால் கெடுதல் இல்லாத பொருள்களை மட்டும் எடுத்து வரிசையாக மேடையில் வைத்தாள். வினிகர், சமையல் சோடா, உப்பு, எலுமிச்சை, எண்ணெய், சர்க்கரை. தொழிலில் அவள் தையல்காரி. துணியில் எந்தக் கறை எதற்குப் போகும் என்பது அவளுக்கு ஓரளவு தெரியும், மீதியைக் கை கற்றுக்கொடுத்தது.

எலுமிச்சைத் தோலையும் ஆரஞ்சுத் தோலையும் வாயகன்ற ஜாடியில் போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றி, நிறம் இறங்கும்வரை ஊறவிட்டு வடிகட்டினாள். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் தெளித்துப் பழைய செய்தித்தாளால் துடைத்தால் கண்ணாடி இருக்கிற இடமே தெரியாது. செம்புப் பாத்திரத்துக்கு உப்பும் பிழிந்த எலுமிச்சை மூடியும். மரச்சாமானுக்கு எண்ணெயில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. அடுப்பைச் சுற்றியுள்ள பிசுக்குக்கு என்ன செய்வது என்று யோசித்தபோதுதான், வினிகரும் நல்லது, சோடாவும் நல்லது, சேர்த்தால் இரண்டு மடங்கு நல்லது என்று ஒரு கணக்குப் போட்டாள். இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றி மூடியை இறுகத் திருகினாள். அவள் கையைத் துடைத்துக்கொள்வதற்குள் மூடி கூரையில் போய்ச் செருகிக்கொண்டது. மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான். "பெட்ரோல் டேங்கைக்கூட நான் இவ்வளவு இறுக்கி மூட மாட்டேன்" என்றான். மூடக்கூடாது என்பதை அவள் அன்று கற்றுக்கொண்டாள். கலக்கக்கூடாது என்பதைக் கற்றுக்கொள்ளவில்லை. அகலமான பேசினில் கலந்து, நுரை பொங்கி அடங்கும்வரை ரசித்துப் பார்த்துவிட்டு, அடங்கிய தண்ணீரில் துணியை முக்கித் துடைத்தாள். அப்படிப் பொங்குகிற பொருள் வேலை செய்யாமல் போகும் என்று யாருக்குத்தான் தோன்றும்.

வீடு எழும்பிய வாரத்தில் நகராட்சி ஓவர்சியர் வந்தார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், நான்கு மூலையும் ஒரே மட்டம். சுவரில் விரிசல் இல்லை, அதனால் குறை சொல்லவும் வழியில்லை. "என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டார். "துடைச்சேன்" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அழுக்குக்கும் கனம் உண்டுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தண்ணீர்க் குழாயை அறுத்து நீளமான ரப்பர் குழாயைப் பொருத்தச் சொன்னார், மின்சாரக் கம்பியைத் தளர்த்திக் கட்டச் சொன்னார். அதை முதல் மாடி என்பதா, அப்படியென்றால் தரைத்தளம் எங்கே என்று ஆபீசில் கொஞ்ச நாள் வாக்குவாதம் நடந்து, பிறகு தேநீர் நேரத்தில் அடங்கிப்போனது.

அவள் துடைக்கத் துடைக்க வீடு உயர்ந்தது. எந்த இடத்து அழுக்குக்கு எவ்வளவு கனம் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஜன்னல் கண்ணாடிகள் ஒன்றுமில்லை, விரற்கடை தேறாது. கட்டிலுக்குக் கீழே துடைத்தது முழங்கை உயரம் தூக்கியது. சமையலறைக் கூரையின் எண்ணெய்ப்பிசுக்குதான் இருப்பதிலேயே கனம், அதைச் சுரண்டிய அன்று வீடு ஓர் ஆள் மட்டத்துக்குப் போனது. தெருப்புழுதியும் வண்டிப்புகையும் கீழேயே நின்றுவிட்டன. ஏணி உயரத்துக்கு வீடு வந்த மத்தியானம், குருவி தலையணையைத் தள்ளிவிட்டு மல்லாந்து படுத்துத் தூங்கினாள். தையல்காரி அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். கீச்சுச் சத்தம் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஆசைதீர அழுதாள்.

சாயங்காலம் மெக்கானிக் பட்டறையிலிருந்து வந்து ஏணியில் ஏறி வாசல் நிலையில் கையை வைத்தான். வீடு இறங்க ஆரம்பித்தது. அவன் சட்டையைக் கழற்றி வாசலுக்கு வெளியே எறிந்தான், அப்போதும் இறங்கியது. சோறு போட்டுக் கையை நனைப்பதற்குள் வீடு தரையில் உட்கார்ந்துவிட்டது, உள்ளறையில் குருவி எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினாள். மூன்று பேருக்கும் காரணம் தெரிந்தது. அவன் கையில் ஊறிப்போன எண்ணெய்க் கறுப்பு. அன்றிலிருந்து தையல்காரி தினமும் அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சர்க்கரையையும் சமையல் எண்ணெயையும் குழைத்துத் தேய்த்தாள். சர்க்கரை கரையும்வரை தேய்ப்பாள், துடைப்பாள், மறுபடி தேய்ப்பாள். பத்து வயதில் பட்டறைக்குள் நுழைந்தவனின் கை அது. கறுப்பு வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் அது நின்றது. உள்ளங்கை ரேகைகள் வெளுத்துத் தெரிந்தன, வீடு ஏணி உயரத்திலேயே நின்றது, மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். மறுநாள் பட்டறையில் ஒரு வண்டியைத் திறந்து இன்ஜின்மேல் கையை வைத்தான். கை ஒன்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் தொட்ட மாத்திரத்தில் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். இப்போது வெறும் இரும்பு, சூடாக இருந்தது, அவ்வளவுதான். வண்டிகள் வேறு பட்டறைக்குப் போகத் தொடங்கின. அரிசி டின்னின் அடி தெரிந்தது. ஒரு மாலை அவன் மனைவியின் முன்னால் வந்து நின்று, "கைக்கு வேலை மறந்துபோச்சு. மறுபடி கறுப்பாயிட்டுத்தான் வரணும்" என்றான். அவள் சர்க்கரை டப்பாவை மூடி உள்ளே வைத்தாள்.

கை கறுத்தது, வேலை திரும்பி வந்தது, அவன் வீட்டுக்குள் வருவது நின்றது. வண்டிகளை முடுக்கிப் பார்க்கிற வேலையைத் தெருக்கோடியில் வைத்துக்கொண்டு, மேசையையும் கட்டிலையும் வீட்டின் நிழலில், வீடு முன்பு உட்கார்ந்திருந்த அதே மண்ணில் போட்டுக்கொண்டான். சாப்பாடு கூடையில் கயிறு கட்டி இறங்கும். காலிப் பாத்திரம் மேலே போகாது, எண்ணெய் ஒட்டியிருக்குமே, அவனே கழுவிக் கீழேயே வைத்துக்கொள்வான். பள்ளிக்கூடம் போக இறங்கும் குருவியைத் தொட்டால் அன்று வீடு ஒரு விரல் தாழும் என்பதால், பையின் வாரைப் பிடித்துத்தான் அவளை ஏணியிலிருந்து இறக்கிவிடுவான். அவனுடைய தங்கை, நாக்கில் நயம் இல்லாதவள், ஒருநாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "அண்ணி, புருஷனை மண்ணுல உட்கார வெச்சிட்டு வீட்டைத் துடைச்சிட்டு இருக்கீங்களே, நல்லாவா இருக்கு?" என்று கேட்டாள். மேலிருந்து ஜன்னல் வழியாக, "நல்லா இல்லதான்" என்று பதில் வந்தது. தங்கை கொண்டுவந்த பழங்களைக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.

நல்லா இல்லைதான் என்று சொன்ன மனசு சும்மா இருக்குமா. அடுத்த வாரம் தையல்காரி துடைக்கிற துணியைத் தொடவில்லை. ஜாடியில் தோல் ஊறிக்கொண்டே கிடந்தது, மேடையில் பிசுக்கு ஏறியது, வீடு விரல் விரலாகத் தாழ்ந்தது. கீழே கட்டிலில் படுத்திருந்தவனுக்குத் தன் வீட்டின் அடிப்பக்கம் நாளுக்கு நாள் நெருங்கி வருவது தெரிந்தது. அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கையை உயர்த்தினால் தொட்டுவிடலாம் என்கிற அளவுக்கு வந்த அன்று, தலைக்கு மேலே கீச்சுச் சத்தம் கேட்டது. அவன் எழுந்து வெளியே ஓடிவந்து, வாழ்நாளில் முதல்முறையாக மனைவியை நோக்கிக் கத்தினான். "துடை. உன் கையைக் கும்பிடுறேன், துடை." அவள் துடைத்தாள். கண்ணைத் துடைக்க நேரமில்லாமல் தரையைத் துடைத்தாள். விடிவதற்குள் வீடு பழைய உயரத்துக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு வருஷங்கள் கூடையைப் போல இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் போயின. தெருவுக்குத் தார் போட்டார்கள், ஓவர்சியர் ஓய்வுபெற்றார், மெக்கானிக்கின் மீசை நரைத்தது. குருவி அம்மாவின் தோளைத் தாண்டி வளர்ந்து, வீட்டு வேலையில் சரியான சோம்பேறியாக வந்து நின்றாள். ஒரு விடுமுறை நாளில் தாய் அவளிடம் அடுப்பு மேடையை ஒப்படைத்துவிட்டுத் தைத்த துணிகளைக் கொடுக்கப் போனாள். மகள் மேடையெங்கும் சோடாவைத் தூவினாள், கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள், ஜன்னலில் உட்கார்ந்து கீழே இருந்த அப்பாவோடு அரட்டையில் இறங்கினாள். பேசினில் கலக்க வேண்டும் என்பதே மறந்துபோனது. அம்மா தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பழுப்பேறிய சோடாவை அவசரமாக வழித்தெடுத்தாள். பிசுக்கு அதோடு தோலுரிவதுபோல உரிந்து வந்தது. பிறகு வினிகரைத் தனியாக ஊற்றித் துடைத்தாள். வீடு ஒரு குதி குதித்தது. ஏணி நின்ற இடத்திலேயே நிற்க, வாசல் அதற்கு ஓர் ஆள் உயரம் மேலே போய்விட்டது.

கூடையில் ஏறித்தான் தாய் மேலே வர வேண்டியிருந்தது. மெக்கானிக் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு கூடையைக் கீழிருந்து தூக்கிவிட, மகள் மேலிருந்து இழுத்தாள்.

"என்னடி பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலம்மா. கலக்க மறந்துட்டேன். சோடாவைத் தனியா போட்டேன், வினிகரைத் தனியா ஊத்தினேன்."

தையல்காரி மேடையில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள், விரல் கீச்சிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பொங்கி அடங்கும்போதே வினிகரின் புளிப்பும் சோடாவின் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடுகின்றன என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இத்தனை வருஷமும் வெறும் உப்புத்தண்ணியிலயா துடைச்சிட்டிருந்தேன்?"

"உப்புத்தண்ணியிலயே ஏணி உயரம் தூக்கிட்டியேம்மா" என்றாள் மகள்.

பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே யோசனைதான் வந்திருந்தது. மறுநாளிலிருந்து தாயும் மகளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். ஒருநாள் சோடா, அடுத்த நாள் வினிகர், முந்தானையும் துணியும் ஒன்றாகிவிட்ட வேலை. கதவு கீல்கள், மின்விசிறி இறக்கைகள், பீரோவின் முதுகு, சாக்கடைக் குழாயின் தொண்டை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வீடு விளக்குக் கம்பங்களைத் தாண்டியது, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது. துணி காயப்போட்டால் பருந்து பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகும். துடைக்க இனி ஒன்றும் இல்லை என்று ஆன மாலையில், நாலைந்து ஏணிகளைச் சேர்த்துக் கட்டச் சொல்லி மெக்கானிக்கை மேலே கூப்பிட்டார்கள். அவன் குழாயடிக்குப் போய்க் கையை நீட்டினான். "கழுவாதீங்க. அப்படியே வாங்க" என்றாள் மனைவி.

அவன் ஏறி வந்து வாசல் நிலையைப் பிடித்தான். வீடு இறங்கியது. தண்ணீர்த் தொட்டி ஜன்னலில் தெரிந்து மேலே போனது, விளக்குக் கம்பம் தெரிந்து மேலே போனது. அவன் திரும்பி இறங்கப் பார்த்தான், மனைவி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஏணி உயரத்துக்கு வீடு நெருங்கியது. மெக்கானிக் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பழைய ஏணி உயரத்துக்கு ஒரு முழம் மேலே, பருமனான ஆள் நாற்காலியில் உட்கார்ந்ததுபோல ஒரு முனகலோடு வீடு நின்றது.

"குருவி, மூச்சு?"

"இருக்குப்பா."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். சாப்பாடு ஆறிப்போயிருந்தது, மூவரும் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து காலையில் அவன் வேலைக்கு இறங்கியதும் வீடு மேலே போகிறது, மாலையில் அவன் ஏறியதும் கீழே வருகிறது. தெருவில் அதைப் பார்த்து அடுப்பில் உலை வைக்கிறார்கள். அவன் உட்காரும்போது பிடித்துக்கொள்ளும் சுவரில் கறுப்பாக ஒரு கைத்தடம் விழுந்துவிட்டது. அதைமட்டும் தாயும் மகளும் துடைப்பதில்லை. அதற்கும் சேர்த்துத்தான் மற்றதையெல்லாம் துடைக்கிறார்கள்.