நாலு விரல் தாராளம்

பழைய சாமான் கடையிலிருந்து நான் தூக்கிவந்த நாற்காலிக்கு எலும்பு மட்டும்தான் மிச்சம். மெலிந்த மரச்சட்டங்கள், பறக்கப்போவதுபோல் சாய்ந்த இரண்டு கைகள், பித்தளைக் கீல்கள். பூ வேலைப்பாடு எதுவும் கிடையாது. எழுபது வருடத்துக்கு முன் செய்தது என்றார் கடைக்காரர். மடித்தால் கதவுக்குப் பின்னால் சமர்த்தாக நின்றுகொள்ளும். இரண்டு தையல் மெஷினும் வெட்டுமேசையும் அடைத்துக்கொண்ட எங்கள் அறைக்கு வேறு எந்த நாற்காலியும் ஆகாது.

அண்ணிக்கு எட்டாம் மாதம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, ஸ்டூலில் உட்கார்ந்தால் முதுகு விண்ணென்று வலிக்கிறது. பத்து நாளாகச் சரியான தூக்கமில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

அண்ணி போய்விட்டால் நாளெல்லாம் யாரிடம் திட்டு வாங்குவது?

இருக்கைத் துணியை அண்ணியே வெட்டித் தைத்தாள். மேல்சட்டத்திலிருந்து முன்சட்டம்வரை தொங்கும் கெட்டிக் கான்வாஸ். ஞாயிறு காலை மாட்டினோம். அண்ணி மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டே இருந்தாள். முழங்கால் முகவாய்க்கு வந்த பிறகுதான் நின்றாள்.

"ஏய் வாயாடி, தரை இடிக்குதுடி. தூக்கு!"

நானும் அண்ணனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். சிரித்ததில் கையில் பலமே இல்லை.

"கிரேன் வரச்சொல்லவா?" என்றான் அண்ணன்.

"முதல்ல எழுந்துக்கறேன். அப்புறம் இருக்கு உங்களுக்கு."

எழுப்பி நிறுத்திவிட்டு அளவைப் பார்த்தேன். "எவ்வளவு அண்ணி விட்டீங்க?"

"எப்பவும் விடறதுதான். உட்கார்ற இடத்துல நாலு விரல் தாராளம். பன்னெண்டு வருஷத்துல, துணி இறுக்கிப் பிடிக்குதுன்னு ஒருத்தர் திரும்பி வந்திருக்காங்களா?"

"நாற்காலி சாப்பிடுமா அண்ணி? அடுத்த வருஷம் குண்டாகுமா?"

அண்ணி கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்தாள். நான் துணியை இழுத்துப் பிடிக்க, ஏதோ திருட்டுக் காரியம் செய்பவள்போல் இறுக்கித் தைத்தாள். ஐந்து விரல் குறைத்தாயிற்று. மாட்டுவதற்கு அண்ணன் சட்டத்தில் முழங்காலை ஊன்றி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தட்டினால் மேளம்போல் ஒலித்தது.

அண்ணி உட்கார்ந்தாள். இந்தமுறை நாற்காலி அவளை ஏந்திக்கொண்டது. முதுகு சாய்ந்தது, கைகள் தாமாகவே மரக்கைகளில் போய் அமர்ந்தன.

"பரவாயில்லையே. ஆனா இந்த ஓரத்துல இன்னும் ஒரு..."

அவ்வளவுதான். கழுத்தில் தொங்கிய அளவு நாடா மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது.

மெஷினை ஓட்ட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. வெட்டுமேசைமேல் கால்களைத் தொங்கப்போட்டபடி, அண்ணனும் நானும் மூன்று மணி நேரம் ஜாடையிலேயே சண்டை போட்டோம்.

விழித்ததும் அண்ணி போனை எடுத்தாள்.

"அம்மா, நான் வரல. நீ வேணா இங்க வா... தாராளமா தங்கு. ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிட்டேன். நாற்காலியைக் கேக்கக் கூடாது."