மோட்டார் நின்ற பிறகு

2006 மார்ச், ஆண்டிமடம். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள்.

வரதராசன்பேட்டை ஞானப்பிரகாசமும் தன் பயிர்க்காவல் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனார். ரசீது எழுதிய ஏட்டையாவிடம், "தேர்தல் வந்துருச்சுன்னு பன்னிங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். அவர் மனைவி லீலா மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. போன வருசம் வரப்புத் தகராறில், பக்கத்துக் காட்டு பஞ்சநாதன் நெஞ்சுக்கு நேரே அவர் தூக்கியது அதைத்தான். அவள் குழாயைப் பிடித்து மேலே தள்ளியிராவிட்டால் கொலை விழுந்திருக்கும். இந்த வீட்டால் ஓர் உயிர் போகக் கூடாது என்பதே அன்றிலிருந்து அவள் ஜெபம்.

அவள் தம்பி செபஸ்டின், வாத்தியார், அக்கா கட்சி. சட்டம் இன்னும் இறுக வேண்டும், வீட்டில் துப்பாக்கியே இருக்கக் கூடாது என்பான். துப்பாக்கியை வாங்கி வைக்கிற கவர்மெண்டு கடலைக்குக் காவலும் போடுமா என்று மாமன் ஞானப்பிரகாசம் திருப்பிக் கேட்பார்.

அந்த மாதமே முந்திரிக் காட்டிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி, விளைந்த கடலையை உழுதுபோட்டன. ஞானப்பிரகாசம் தகரம் தட்டிப் பார்த்தார், அவை மசியவில்லை. மோட்டார் கொட்டகையிலிருந்து கடலைக் காட்டைச் சுற்றிக் கம்பி இழுத்தார். லீலா மேரி மறித்தாள்.

"துப்பாக்கிய நீங்க தூக்குனா நான் பிடிச்சுக்குவேன். இத யாரு பிடிக்கிறது?"

"ஒருத்தரும் பிடிக்க வேணாம்டி. மோட்டார் ஓடுனா கம்பியில கரண்டு இருக்கு, நின்னா இல்ல. இதுகூடவா ஊருக்குத் தெரியாது?"

ஊரே அப்படித்தான் நம்பியது. மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும். போனால் மோட்டார் நிற்கும். நின்ற பிறகும், மிச்சமிருக்கும் ஒருமுனை மின்சாரத்தில் கொட்டகையில் பல்பு எரிவதைத் தினமும் பார்த்தவர்கள்தான். அதைக் கம்பியோடு சேர்த்து யாரும் யோசிக்கவில்லை.

குருத்து ஞாயிறு காலையில், கொட்டகையில் இருந்த மாமனைப் பூசைக்குக் கூப்பிட செபஸ்டின் காட்டுக்கு வந்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் கம்பிக்கு இப்பாலேயே நின்று, வெளியே களத்தில் இருந்த அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது.

"நின்னுருச்சு தம்பி, போ" என்றாள் லீலா மேரி.

அவன் வேட்டியை மடித்துக் கட்டி, கம்பியைக் கையால் தாழ்த்திக் காலைத் தூக்கினான்.

செபஸ்டின் அங்கேயே இறந்தான். மாலையில் போலீஸ் வந்து ஞானப்பிரகாசத்தைக் கைது செய்தது. கம்பியைச் சுருட்டி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது.