கடைசியாக ஓடி வந்தவள்

புத்தூர் தைரியராஜுக்கு ஓடுவதைவிட ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதற்குத்தான் மூச்சு அதிகம். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க். ‘புத்தூர் தேகநல ஓட்டக் கழகம்’ என்று ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்திருந்தார். நிறுவனர், தலைவர், பொருளாளர் எல்லாம் அவரே. உறுப்பினர்கள் மூன்றே பேர். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் பிச்சைமுத்து, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஓட வந்தவர். மலைக்கோட்டை ஜவுளிக்கடை முகம்மது கனி, சர்க்கரை வியாதிக்காக ஓடி, ஓடின களைப்பு தீர ஸ்ரீரங்கத்தில் சர்க்கரை தூக்கலாகக் காப்பி குடிப்பவர். மூன்றாவது, தைரியராஜின் மகள் டோரதி. காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா எழுப்பிவிட்டதால் வந்தவள்.

மனைவி அமலராணியையும் இழுத்துப் பார்த்தார். “உங்க ஆபீஸ்ல ஒரு ஃபைல்கூட நகர மாட்டேங்குது. முதல்ல அதை ஓட வைங்க” என்று சொல்லிவிட்டு அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் அவருக்காகச் சொல்லியாக வேண்டும். ஓடும்போது அந்த மனிதருக்கு நிஜமாகவே ஏதோ நேர்ந்தது. ஆபீஸ், பிரமோஷன், மேலதிகாரியின் முகம் எல்லாம் உதிர்ந்து, நெஞ்சுக்குள் விடிகிற மாதிரி இருக்கும். அதை மகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. கொடுக்கத் தெரிந்த ஒரே வழி உத்தரவு போடுவது.

கழகத்துக்கு ஒரு விதி உண்டு. தலைவர் முன்னால் ஓடுவார், திரும்பிப் பார்க்க மாட்டார். திரும்பினால் வேகம் கெடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அவ்வப்போது விசில் ஊதுவார். பின்னால் வருகிறவர்கள் வரிசைப்படி தங்கள் பெயரைக் கத்த வேண்டும். கடைசிப் பெயர் வந்துவிட்டால் வரிசை முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கடைசிப் பெயர் எப்போதும் டோரதிதான். தூக்கத்தில் உலுக்கப்பட்டவள் மாதிரி இழுத்து இழுத்துச் சொல்லுவாள்.

எழுபத்தெட்டாம் வருஷத்து மார்கழி. மாதா கோயில் பங்குச் சாமியாரே பொறாமைப்படும் அளவுக்கு நீளமாக ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, விடியலுக்கு முன் தலைவர் புறப்பட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பால் கேன்கள் உருளும் சத்தம். சிந்தாமணி தாண்டி, அப்போது புதிதாகக் கட்டியிருந்த காவிரிப் பாலத்தில் ஏறியதும் பனி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கைப்பிடிச் சுவர் தெரியவில்லை. கீழே ஆறு இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

விசில் ஊதினார். பெயர்கள் வரிசையாக வந்தன. பிச்சைமுத்து வந்தார். கனி வந்தார். “டோரதி” என்று மூன்றாவது குரல், மணி அடித்த மாதிரி வந்தது. இரைப்பே இல்லை.

தைரியராஜுக்கு நெஞ்சு விரிந்தது. மூக்கால் மூச்சு விடுவதன் மகிமையை ஓடிக்கொண்டே விளக்கத் தொடங்கினார். “சரிப்பா” என்றது குரல். பெற்ற நாளிலிருந்து அவள் மறுபேச்சில்லாமல் சரி சொன்னது அதுவே முதல் தடவை. மாம்பழச் சாலையில் ஊதியபோதும் வந்தது. ஸ்ரீரங்கத்துத் தெருவில் ஊதியபோதும் வந்தது. கட்டி முடிக்காமல் நின்ற மொட்டைக் கோபுரத்தடியில் நின்று, மகளைப் பாராட்ட நாலு வார்த்தை தயார் செய்துகொண்டு திரும்பினார். பிச்சைமுத்து வந்தார். கனி வந்தார். அதற்குப் பின்னால் பனி மட்டும் வந்தது.

காத்திருந்து பார்த்தார்கள். யாரும் வரவில்லை.

“என் பின்னாலதான் சார் வந்துச்சு. மூச்சு பிடரியில பட்டுக்கிட்டே இருந்துச்சு” என்றார் கனி. பிடரியைத் தடவிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “ஜில்லுன்னு இருந்துச்சு. பனின்னு நெனச்சேன்” என்றார்.

மகள் வேறு தெரு வழியாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர்களை அங்கேயே நிறுத்திவிட்டுத் தைரியராஜ் தனியாகத் திரும்பி ஓடினார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சில்லாமல் ஓடினார். பாலத்தின் நடுவில் வந்து, “டோரதி” என்று கூப்பிட்டார்.

“வரேன்ப்பா” என்றது குரல், பின்னாலிருந்து.

நின்றார். பின்னால் ஓடிவந்த காலடிச் சத்தம் நிற்கவில்லை. ஆனால் நெருங்கவும் இல்லை.

“அப்பா, இங்கே. இங்கேதான் இருக்கேன்.” இது முன்னால், கைப்பிடிச் சுவர்ப் பக்கமிருந்து வந்தது. அதே குரல், அதே தொண்டை.

“நல்லா ஓடுறோம்ப்பா. வாங்க, இன்னும் ஓடலாம். எனக்குக் களைப்பே இல்லை” என்றது பின்னாலிருந்த குரல்.

ஒன்று அவர் மகள். மற்றது எதுவோ. சுவர்ப் பக்கம் கூப்பிடுவது தண்ணீருக்குக் கூப்பிடுவதாகவும் இருக்கலாம். தப்பான பக்கம் போனால் பெண் போய்விடுவாள். எப்படிக் கண்டுபிடிப்பது? ஊர் முழுக்கத் தன் பேச்சைக் கேட்க வைத்தவருக்கு, மகளின் குரல் பெயர் சொல்லும் அளவுக்கு மேல் தெரியாது. மாதாவே, மாதாவே என்று முனகினார்.

“கால் மடங்கிடுச்சு, எழுந்திரிக்க முடியலை. எத்தனை தடவை கத்தினேன்? விசில் ஊதத் தெரியுது, காது கேக்கலையா? அம்மா சொன்னது சரிதான். நாங்க நல்லா இருக்கணும்னு இல்லை, உங்க பின்னால நாலு பேர் வரணும், அவ்வளவுதான் உங்களுக்கு.”

அமலராணியின் வாய் அப்படியே. எந்தப் பேய்க்கும் அது வராது. தைரியராஜ் சுவர்ப் பக்கம் பாய்ந்தார்.

ஷூவைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. கையைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. தோளில் தாங்கி எழுப்பி, வந்த வழியே சிந்தாமணிப் பக்கம் நடத்தினார்.

“உங்க பின்னால யாருப்பா? என்னை மாதிரியே பேசுச்சே” என்றாள்.

பின்னால் ஓட்டம் நின்று நடையாகியிருந்தது. இவர்கள் நொண்டும் வேகத்துக்கே அதுவும் நடந்தது. பனி இறங்கியதில், தோளில் சாய்ந்திருப்பவளின் முகம்கூட அவருக்குத் தெரியவில்லை.

“பேசிக்கிட்டே வாம்மா.”

“என்னத்தைப் பேச?”

“திட்டு. இப்பத் திட்டினியே, அந்த மாதிரி.”

சின்ன வயதில் அவர் பிடுங்கிய பம்பரத்திலிருந்து தொடங்கினாள். அவருக்குப் பிடித்தது என்று சேர்த்துவிட்ட காலேஜ் படிப்பு, விருந்தாளிகள் முன்னால் எடுக்கவைத்த தண்டால் என்று வரிசையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் தைரியராஜ் “ஆமாம்மா, ஆமாம்மா” என்றார். மூச்சு வாங்க அவள் ஒரு கணம் நிறுத்தினாள்.

“அப்படியெல்லாம் இல்லைப்பா. நீங்க ரொம்ப நல்லவரு” என்றது பிடரிக்குப் பின்னால், ஜில்லென்று.

மகளின் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நிறுத்தாதே டோரதி. இன்னும் சொல்லு.”